ஆள் கணக்கா, குழுக் கணக்கா? டெஸ்டிங் சேவை நடத்துறவங்க கொஞ்சம் வாங்க

நொய்யல்கரை · 8 ஜூலை 2025

வணக்கமுங்க. கோயமுத்தூர் சரவணம்பட்டியில ஒரு மாடியை வாடகைக்குப் புடிச்சு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பண்ணிட்டிருக்கோம். என்னையும் சேர்த்து 9 பேர். ஆறு வருசமா ஆள் கணக்குதான். "ரெண்டு மேனுவல், ஒரு ஆட்டோமேஷன், ஆளுக்கு மாசம் இவ்வளவு." மேனுவல்னா கையால ஓட்டிப் பார்க்கறவங்க, ஆட்டோமேஷன்னா அதுக்குப் புரோகிராம் எழுதறவங்க. ஆள் குடுப்போம், டைம்ஷீட்டுல ஒப்புதல் வாங்குவோம், பில் போடுவோம்.

இப்ப ரெண்டு சங்கடம். ஒரு கிளையன்ட்டுக்கு ஆறு வாரத்துக்கு ஒருக்காதான் ரிலீஸ் (புது வெர்ஷன் வெளியிடறது). ரிலீஸுக்கு முந்தின பத்து நாள் எங்க பொண்ணு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்திருக்கும். மீதி நாள்ல பழைய டெஸ்ட் கேஸ்ல (எதை எப்படிச் சோதிக்கணும்னு எழுதி வெச்ச குறிப்பு) எழுத்துப்பிழை திருத்திட்டிருக்கும். கிளையன்ட் போன் போட்டு "இந்த வாரம் என்னங்க வேலை நடந்துச்சு?"ன்னு கேட்டா எனக்கே பதில் இல்ல. அதே வாரம் இன்னொருத்தர் "ரெண்டு பேர் வேணும், திங்கக்கிழமையே வேணும்"னு நிக்கறார். இங்க பில் ஓடுற ஆளை அங்க அனுப்ப முடியாது.

ரெண்டாவது, வேலை நல்லாக் கத்துக்கிட்ட ஆளைக் கிளையன்ட்டே எடுத்துக்கறாங்க. போன வருசம் மட்டும் மூணு பேர். அவங்களுக்கு நல்லதுதான், பிரியாணி வாங்கிக் குடுத்துத்தான் அனுப்பினேன். ஆனா நான் என்ன ஆள் தேத்தி அனுப்புற பயிற்சிக்கூடமா?

அதனால ஆளுக்குப் பதிலா குழுவை விக்கலாம்னு யோசனை. ஒரு லீட், ரெண்டு டெஸ்டர், பாதி நாளுக்கு ஒரு ஆட்டோமேஷன் ஆள். கிளையன்ட் மாசத்துக்கு இத்தனை மணி நேரம்னு வாங்கிக்கலாம். ரிலீஸ் நேரத்துல ஏத்திக்கலாம், அப்பறம் இறக்கிக்கலாம். 'பாட்'னு பேர் வெச்சு வெளிநாட்டுல இதைத்தான் விக்கறாங்க. யாராச்சும் பண்ணியிருக்கீங்களா? விலை எப்படி வெச்சீங்க, என்ன வாக்குக் குடுத்தீங்க, வேலை இல்லாத மாசத்துல சம்பளம் எங்கிருந்து வந்துச்சு?

பழைய_பக் · 8 ஜூலை

பதினேழு வருடமாக இதே பிழைப்பு. முன்பு வேலை பார்த்த ஒரு பெரிய நிறுவனத்தில் இதே யோசனையை வேறு பெயரில் நடத்தினார்கள். ஆள் எத்தனை என்று கேட்காதே, விளைவுக்குக் காசு கொடு என்று கிளையன்ட்டிடம் சொன்னார்கள். சரி, விளைவை எதால் அளப்பது? டெஸ்ட் கேஸால். ஒரு கேஸ் எழுதினால் இவ்வளவு, ஓட்டினால் இவ்வளவு.

லாகின் பக்கத்துக்கு அதுவரை 11 கேஸ் இருந்தது. மூன்றாம் மாதம் 64. கடவுச்சொல் கட்டம் தெரிகிறதா, ஒரு கேஸ். கட்டத்தில் கர்சர் நிற்கிறதா, ஒரு கேஸ். கட்டத்தின் ஓரம் சாம்பல் நிறமா, அதற்கும் ஒன்று. யாரும் திருடர்கள் இல்லை, எல்லாம் நல்ல பிள்ளைகள்தான். எண்ணிக்கைக்குக் காசு என்றதும் எண்ணிக்கை தானாக ஊதிவிட்டது. அதே மாதத்தில்தான் ஒரு போனில் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் இன்னொரு போனில் பழைய கணக்கு திறந்தபடி கிடந்தது. 64 கேஸில் அது இல்லை. பயன்படுத்துகிறவர் ஒருவர் எழுதித்தான் தெரிந்தது.

பிறகு பக், அதாவது பிழை, எண்ணிக்கைக்கு மாறினார்கள். ஒரே பிழை ஐந்து திரையில் தெரிந்தால் ஐந்து டிக்கெட். டெவலப்பர்கள் எங்களோடு டீ குடிக்க வருவதையே நிறுத்திவிட்டார்கள். நேரத்துக்கு விலை வையுங்கள். கேஸுக்கும் பக்குக்கும் மட்டும் வைக்காதீர்கள்.

திருப்பூர்_பில் · 9 ஜூலை

நான் வாங்கற பக்கத்து ஆளுங்க. பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் குடுக்கறோம். டெவலப்பர் 12 பேர், சொந்தமா டெஸ்டர் ஒருத்தர்கூட இல்ல. வெளி ஆளுங்களை வெச்சு மூணு தடவை சூடு பட்டாச்சு.

கடைசியா வந்த குழு நல்லாத்தான் பேசுனாங்க. மாசக் கடைசியில 43 பக்கத்துக்கு பி.டி.எஃப் வரும். வட்டம் போட்டு, பச்சையும் சிவப்பும் பூசி, "97 சதவீதம் பாஸ்". மீதி 3 சதவீதத்துல என்ன இருக்குதுன்னு நான்தான் உள்ள போய்த் துழாவணும். ஒருக்கா அதுல இருந்தது இது. 1,234.60 ரூபாய்க்குத் துணி, 5 சதவீத வரி. வெளி மாநிலத்துக்குன்னா ஐ.ஜி.எஸ்.டி 61.73. உள்ளூருக்குன்னா ரெண்டாப் பிரிச்சு இரண்டரை, இரண்டரை. ஒவ்வொண்ணும் 30.865, முழுசாக்கினா 30.87. ரெண்டையும் கூட்டினா 61.74. எங்க பில்லுல வரி வரிசையில 30.87 ரெண்டு தடவை காட்டும், அடியில மொத்தத்துல 61.73தான் சேரும். ஒரு பைசா. "முக்கியமில்லை"ன்னு குறிச்சு வெச்சிருந்தாங்க. அந்த ஒரு பைசாவுக்காக, வாங்குன கம்பெனியோட கணக்காளர் ஒரு மாசத்துப் பில்லை மொத்தமாத் திருப்பி அனுப்பிட்டார்.

கொடுமை என்னன்னா, அதுக்கு ஆறு மாசம் முன்னாடி இருந்த டெஸ்டர் பொண்ணுக்கு இது அத்துப்படி. அந்தப் பொண்ணை வேற புராஜெக்ட்டுக்கு மாத்திட்டாங்க. கேட்டா "டீம்தானுங்க சார், யார் வந்தாலும் ஒண்ணுதான்"னாங்க. ஒண்ணு இல்லீங்களே! ஜாப் ஒர்க்குக்குச் சாயப்பட்டறைக்குப் போன துணி ஏன் நம்ம ஸ்டாக்குல இருந்து குறையக்கூடாதுன்னு புது ஆளுக்கு மறுபடி மூணு வாரம் நான் பாடம் எடுத்தேன். அந்த மூணு வாரத்துக்கும் பில் வந்துச்சு.

நொய்யல்கரை, உங்க பேரைப் பார்த்தா நம்ம பக்கம்தான், அதனால நேராச் சொல்றேன். எங்களுக்கு வெள்ளிக்கிழமை ரிலீஸ். வியாழன் சாயங்காலம் ஒருத்தர் போன் எடுத்து "விடலாமுங்க"ன்னோ, "விடாதீங்க, இதுனாலதான்"னோ சொல்லணும். நான் மாசப் பணம் குடுக்கறது அந்த ஒரு போனுக்குத்தான்.

தெல்லிப்பழை_டெஸ்டர் · 9 ஜூலை

வணக்கம். நாங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து அஞ்சு பேர். லண்டனில இருக்கிற ரெண்டு வாடிக்கையாளருக்கு நாலு வருசமா இப்பிடித்தான் செய்யிறம். அவை முதல் நாள் பின்னேரம் போட்டுவிட்ட பில்டை, அதாவது சாஃப்ட்வேரின்ர புதுப் பதிப்பை, நாங்கள் விடிய எட்டு மணிக்கு எடுப்பம். கோடை காலத்தில அவை காலமை ஒன்பது மணிக்குக் கந்தோருக்கு வரேக்க எங்களுக்குப் பகல் ஒண்டரை. அதுக்குள்ள முடிவு அவையின்ர மேசையில இருக்கும்.

திருப்பூர் அண்ணை சொன்ன பிரச்சினைக்கு எங்கட வழி இது: ஒரு வாடிக்கையாளரைக் குறைஞ்சது ரெண்டு பேருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்க வேணும். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஆள் மாறும், ஆனா அந்த ரெண்டு பேருக்குள்ளதான் மாறும். மூண்டாம் ஆள் வாறதெண்டால் முதல் மாதம் பக்கத்தில இருந்து பார்க்கிறதுதான் வேலை. அந்த மாதத்துக் காசை நாங்கள் வாடிக்கையாளரிட்டக் கேக்கிறதில்லை.

மற்றது, டெஸ்ட் கேஸ் கணக்குக்குப் பதிலா அமர்வுக் கணக்கு வைச்சிருக்கிறம். ஜேம்ஸ் பாக், ஜொனதன் பாக் எண்ட சகோதரங்கள் 2000ஆம் ஆண்டளவில கொண்டுவந்த முறை. ஒரு அமர்வு 90 நிமிசம். தொடங்கேக்க எதைத் தேடப்போறம் எண்டு ஒரு வரி. முடியேக்க என்ன பார்த்தம், எதைப் பார்க்கேல்லை எண்டு அரைப் பக்கம். அந்த "பார்க்கேல்லை" எண்ட பகுதியைத்தான் லண்டன்காரர் முதல்ல வாசிக்கினம்.

2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தம். ஆருடைய ஊரில கரண்ட் இருக்கோ அவர் வேலையை எடுத்தார். ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச வேலையா இருந்திருந்தால் அண்டைக்கே ஒப்பந்தம் போயிருக்கும்.

வைகைக்கரை · 10 ஜூலை

எல்லாரும் கடைக்காரங்க பக்கமும் வாங்குறவங்க பக்கமும் பேசுறீங்க. நான் அந்த "யார் வந்தாலும் ஒண்ணுதான்"ல வர்ற யாரோ ஒருத்தி. மதுரையில வீட்டுல இருந்து வேலை.

இந்த "வேணுங்கிறப்போ ஏத்தலாம், இறக்கலாம்" இருக்கே, அதுல ஏறி இறங்குறது நாங்கதான். முந்தின கம்பெனில ஒரே நாள்ல மூணு கிளையன்ட். மூணு வி.பி.என் இணைப்பு, வேலைப் பட்டியல் பார்க்க மூணு ஜிரா. பத்து மணிக்கு ஒரு ஸ்டாண்டப் மீட்டிங், பத்தரைக்கு ஒண்ணு, பதினொண்ணுக்கு ஒண்ணு. காலையில ஆஸ்பத்திரி ஆப், மத்தியானம் கடன் ஆப், சாயங்காலம் யாரோ நாய்க்குட்டி விக்கிற ஆப். பாதி நாள் பாஸ்வேர்டு அடிக்கிறதுலயே போயிரும். வருசக் கடைசியில அப்ரைசல்ல, "உன்னைப் பத்தி எந்தக் கிளையன்ட்டும் தனியாச் சொல்லலையேம்மா"ங்கிறாங்க. எப்படிச் சொல்லுவாங்க, அவங்களுக்கு எம்பேரே தெரியாது.

இப்ப இருக்கிற இடத்துல ஒரே ஆஸ்பத்திரி ஆப், எட்டு மாசமா. அதனாலதான் ஒண்ணு கண்டுபிடிச்சேன். ஸ்ரீதேவின்னு ஒரு நோயாளிக்கு ரெண்டு பதிவு எண் இருந்துச்சு. ரிசப்ஷன்ல தேடுனா வரல, அதனால புதுசாப் போட்டுட்டாங்க. திரையில ரெண்டு பேரும் அச்சு அசலா ஒண்ணு. ஒரு நாள் முழுக்க முழிச்சேன். அப்புறம்தான் பிடிபட்டுச்சு: அந்த 'ஸ்ரீ'யை ரிசப்ஷன் கீபோர்டு ஒரு எழுத்து வச்சு ஆரம்பிக்குது, நோயாளியோட போன் வேற எழுத்து வச்சு ஆரம்பிக்குது. கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. ஸ்ரீதர், ஸ்ரீனிவாசன், ஸ்ரீரங்கம்னு முகவரி போட்டவங்க அத்தனை பேருக்கும் இதே கதை. நம்ம ஊர்ல ஸ்ரீ இல்லாத தெரு உண்டா?

ரெண்டு வாரத்துக்குன்னு வந்த ஆளா இருந்தா எனக்கு அந்த ரெட்டைப் பதிவு கண்ணுல பட்டிருக்காது. பட்டிருந்தாலும் "டேட்டா பிரச்சனை"ன்னு மூடியிருப்பேன்.

பழைய_பக் · 10 ஜூலை

சபாஷ். தெரியாதவர்களுக்காக: எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் 'ஶ' 2005இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் 'ஸ'வை வைத்தே ஸ்ரீ எழுதினோம். இப்போது 'ஶ' வைத்து எழுதுவதுதான் முறை, ஆனால் பாதி கருவிகள் பழையபடிதான். எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைந்துவிடும். 'கொ'வை ஒரே துணைக்குறியாக அடிப்பது, கொம்பும் காலுமாகப் பிரித்து அடிப்பது என்ற சிக்கலை யூனிகோடின் இயல்பாக்கல் தீர்த்துவிடும். ஸ்ரீயை அது தீர்க்காது, தனியாக விதி எழுத வேண்டும். எந்த ரிக்ரஷன் தொகுப்பிலும் (மாற்றத்துக்குப் பின் பழையது கெடவில்லையே என்று மறுபடி ஓட்டும் சோதனைகள்) இது நான் பார்த்ததில்லை.

இரவுக்குருவி · 10 ஜூலை

இன்னும் எத்தனை நாளைக்கு பாஸ் இந்தக் கதை எல்லாம்? ஏஐயே டெஸ்ட் எழுதி, ஏஐயே ஓட்டுது. குழுவாவது கணக்காவது.

திருப்பூர்_பில் · 10 ஜூலை

போட்டுப் பார்த்தாச்சுங்க தம்பி. மொத்தத்துல 61.73 சேர்க்கிற எங்க கோடைப் படிச்சுட்டு, மொத்தத்துல 61.73 சேருதான்னு அழகா ஒரு டெஸ்ட் எழுதிக் குடுத்துச்சு. பாஸ் ஆயிருச்சு.

நொய்யல்கரை · 11 ஜூலை

மூணு நாள்ல இவ்வளவு வரும்னு நினைக்கலைங்க. வைகைக்கரை, உங்க மூணு ஸ்டாண்டப் கதையைப் படிச்சப்ப கொஞ்சம் குத்துச்சு. நான் போட்டிருந்த கணக்குல ஒரு டெஸ்டருக்கு மூணு கிளையன்ட்தான். ரெண்டாக் குறைச்சா லாபம் ஒண்ணும் நிக்காது, ஆனா குறைச்சுத்தான் ஆகணும்னு தோணுது.

இன்னொரு சந்தேகம். குழுவை விக்கறப்ப கிளையன்ட் கேக்கறது "அப்ப தரத்துக்கு நீங்க பொறுப்பா?"ன்னு. ஆள் குடுத்தப்ப இந்தக் கேள்வி வரல, ஆள் அவங்க சொன்னதைச் செஞ்சாங்க. இப்ப என்ன எழுதிக் குடுக்கறது?

பழைய_பக் · 11 ஜூலை

"பிழையே இருக்காது" என்று எங்கேயும் கையெழுத்துப் போடாதீர்கள். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1969லேயே சொல்லிவிட்டார்: டெஸ்டிங் பிழை இருப்பதைக் காட்டும், இல்லாததைக் காட்டாது. விற்பனைப் பிரிவுக்கு மட்டும் இன்னும் இந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு கதை. பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி. 2018 ஏப்ரலில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் பழைய அமைப்பிலிருந்து புதிய தளத்துக்கு ஒரே வார இறுதியில் மாற்றினார்கள். தளத்தைக் கட்டிக் கொடுத்தது ஸ்பெயினில் இருந்த தாய் வங்கியின் தொழில்நுட்ப நிறுவனம். திங்கட்கிழமை 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. சிலருக்கு வேறு யாருடைய கணக்கோ திறந்தது. பிறகு ஸ்லாட்டர் அண்ட் மே என்ற சட்ட நிறுவனம் 2019இல் கொடுத்த அறிக்கையைப் படித்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு தரவு மையம் இருந்தது. டெஸ்ட் ஓடியது ஒன்றில் மட்டும். மற்றதும் அதே போலத்தானே அமைத்திருக்கும் என்ற நம்பிக்கை. அமைத்திருக்கவில்லை.

2022 டிசம்பரில் வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம். அடுத்த ஏப்ரலில் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனியாக 81,620 பவுண்டு, அவர் சொந்தப் பணத்தில். வேலையை வெளியே கொடுத்திருந்தோம் என்ற சமாதானம் எடுபடவில்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் எதைச் சோதிப்போம் என்று ஒரு பக்கம் எழுதினால், எதைச் சோதிக்க மாட்டோம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதுங்கள். "இரண்டாம் தரவு மையத்தைப் பார்க்கவில்லை" என்று அங்கே ஒருவர் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் வைத்திருந்தால், விடுவதா வேண்டாமா என்ற முடிவை எடுத்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு எடுத்திருப்பார்கள். முடிவு எப்போதும் கிளையன்ட்டுடையது. அந்த முடிவுக்கு வேண்டிய சேதியைத் தருவது மட்டும் உங்களுடையது.

கணக்குப்பிள்ளை · 12 ஜூலை

டெஸ்டிங் எனக்குத் தெரியாது. பில் தெரியும். எங்கள் ஆபீஸில் இப்படி நாலைந்து சின்ன ஐ.டி கடைகள் கணக்குப் பார்க்கிறோம், எல்லாருக்கும் ஒரே வியாதி: வேலை முடிந்து 90 நாள் கழித்துப் பணம்.

முதலில் உத்யம் பதிவு, அதாவது சிறு நிறுவனம் என்ற அரசுப் பதிவு, செய்யுங்கள். எம்.எஸ்.எம்.இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, கூட்டு வட்டியாக. யாரும் அந்த வட்டியைக் கேட்டு வாங்குவதில்லை, கிளையன்ட் போய்விடுவார் என்ற பயம். ஆனால் 2024 ஏப்ரலில் வந்த வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவுக்குப் பிறகு, குறு, சிறு நிறுவனத்துக்குக் காலக்கெடுவுக்குள் கட்டாத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. இதைச் சொன்னால் அவர்கள் ஆடிட்டரே பணத்தை விடச் சொல்வார்.

ஜி.எஸ்.டி வரி 18 சதவீதம். ஏற்றுமதி என்றால் எல்.யு.டி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டு வரி இல்லாமல் பில் போடலாம். டி.டி.எஸ்ஸில் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) தொழில்நுட்பச் சேவைக்கு 2 சதவீதம், தொழில்முறைச் சேவைக்கு 10. ஒப்பந்தத்தில் வார்த்தையைச் சரியாகப் போடாவிட்டால் கிளையன்ட் 10 பிடித்துவிட்டு, "ரீஃபண்ட் வாங்கிக்கோங்க சார்" என்பார்.

மணி நேரத்தை மொத்தமாக விற்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. பயன்படுத்தாத மணி அடுத்த மாதத்துக்குப் போகும் என்றால், எத்தனை மாதத்துக்கு? ஒருவர் வரம்பு வைக்காமல் விட்டார். மார்ச் மாதம் கிளையன்ட் வந்து சேர்த்து வைத்த 410 மணி நேரத்தையும் மொத்தமாகக் கேட்டார். ஒரு மாதம் மட்டும் என்று எழுதுங்கள். மாதத் தொடக்கத்திலேயே பணம் வாங்குங்கள்.

ஓ.எம்.ஆர்_பஸ் · 12 ஜூலை

ஒண்ணு மட்டும் சேத்துக்கிறேன். டெஸ்ட் டேட்டா. குழு அடிக்கடி மாறுற இடத்துல புரொடக்‌ஷன் டேட்டாவை (நெஜ ஆளுங்களோட விவரம்) அப்படியே இறக்கிக் குடுக்காதீங்க, வாங்காதீங்க. நான் இருந்த ஒரு இடத்துல, தமிழ் எஸ்.எம்.எஸ் 70 குறியீட்டைத் தாண்டுனா ரெண்டு மெசேஜா உடைஞ்சு ரெண்டு காசு போகுதே, அதைப் பார்க்கணும்னு ஒரு பையன் உக்காந்தான். வேற டீம்ல இருந்து மூணு நாளைக்குக் கடன் வாங்குன ஆள். நம்பர் எல்லாம் மாத்தின டேட்டான்னு நெனச்சான். ஓட்டிவிட்டான். ராத்திரி எட்டரைக்கு 300 சொச்சம் நெஜ ஆளுங்களுக்கு "உங்கள் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது"ன்னு போயிருச்சு. அதுல ஒருத்தர் மறுநாள் மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுக்க இருந்தவராம். 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுச் சட்டம் வேற வந்தாச்சு, அபராதம் 250 கோடி வரைக்கும் போகும். பையனைத் திட்டுனாங்க. டேட்டாவைக் குடுத்தவங்களை யாரும் திட்டல.

மட்டுறுத்துநர் · 12 ஜூலை

சம்பள விவரம் கேட்டு வந்த ஆறு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். நாய்க்குட்டி ஆப் பெயர் கேட்பதையும் நிறுத்துங்கள்.

நொய்யல்கரை · 16 நவம்பர் 2025

இழையைத் தூசு தட்டறேனுங்க. பத்து பேராச்சும் தனி மெயில்ல "என்னாச்சு?"ன்னு கேட்டிருந்தீங்க.

ஆகஸ்ட்ல ரெண்டு கிளையன்ட்டைக் குழுக் கணக்குக்கு மாத்தினோம். ஒண்ணு இதே இழையில வந்த திருப்பூர்_பில். இன்னொண்ணு மருந்துக்கடைகளுக்கு பில்லிங் பண்ற கம்பெனி. ஒரு கிளையன்ட்டுக்கு மாசம் 200 மணி நேரம், முன்பணம். ரெண்டு வாரம் முன்னாடி சொன்னா 260 வரைக்கும் ஏத்தலாம், 140க்குக் கீழ இறக்க முடியாது. கூடுதல் மணிக்கு 20 சதவீதம் ஜாஸ்தி. தெல்லிப்பழைத் தம்பி சொன்ன மாதிரி கிளையன்ட்டுக்கு ரெண்டு பேர், பேரை ஒப்பந்தத்துலயே போட்டாச்சு. அவங்களை வேலைக்கு எடுத்தா மூணு மாசக் கட்டணம். ஒருத்தர்கிட்ட ரெண்டு கிளையன்ட்டுக்கு மேல கிடையாது. வியாழன் சாயங்காலம் போன், அதோட அரைப் பக்கம்: பார்த்தது, பார்க்காதது.

ஆகஸ்ட் முழுக்க நல்லாப் போச்சு. ஒருத்தர் ரிலீஸ் இந்த வாரம்னா இன்னொருத்தர் ரிலீஸ் அடுத்த வாரம். நான் பெரிய புத்திசாலின்னு நினைச்சுட்டிருந்தேன்.

செப்டம்பர் 3ஆம் தேதி ராத்திரி ஜி.எஸ்.டி கவுன்சில் விகிதத்தை மாத்திட்டாங்க. 22ஆம் தேதியில இருந்து அமல். நடுவுல 19 நாள். துணிமணிக்கு 1,000 ரூபாயில இருந்த கோடு 2,500க்குப் போச்சு: அது வரைக்கும் 5 சதவீதம், தாண்டினா 18. மருந்து பெரும்பாலும் 12ல இருந்து 5. ரெண்டு கிளையன்ட்டுக்கும் ஒரே நாள், ஒரே ராத்திரி, தள்ளிப்போட வழியில்ல. ரெண்டு பேரும் மறுநாள் காலையில பத்து நிமிச இடைவெளியில போன் பண்ணினாங்க: "260 வேணும். முடிஞ்சா 300."

நான் வித்தது என்னன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. ஒருத்தருக்கு ஏறும்போது இன்னொருத்தருக்கு இறங்கும்ங்கற நம்பிக்கையைத்தான் ரெண்டு பேருக்கும் சேர்த்து வித்திருந்தேன். வரி மாறுனா எல்லாருக்கும் ஒண்ணா ஏறும்.

திருப்பூர் பக்கம் பிழைச்சோம். அங்க இருந்த ரெண்டு பேருக்கும் பில் எப்படிப் போடுதுன்னு அதுக்குள்ள கை பழகியிருந்துச்சு. 2,500, 2,501 போட்டுப் பார்க்கறது யாருக்கும் தோணும். இவங்க போட்டது 2,700 ரூபாய்ச் சட்டை, தள்ளுபடி போக 2,450. எந்த விகிதம்? விக்கற விலைதான் கணக்கு, அதனால 5. சாஃப்ட்வேர் தள்ளுபடிக்கு முன்னாடியே விகிதத்தை முடிவு பண்ணி 18 போட்டுட்டிருந்துச்சு. அப்பறம் 20ஆம் தேதி பழைய விகிதத்துல வித்த சரக்கு 25ஆம் தேதி திரும்பி வந்தா கிரெடிட் நோட்டு பழைய விகிதத்துல வரணும், அது புதுசுல வந்துச்சு. ரெண்டுமே 17ஆம் தேதிக்குள்ள மாட்டுச்சு. வரிக்குச் சம்பந்தமில்லாத ரிக்ரஷனை யாழ்ப்பாணத் தம்பிங்க, பேரும் நம்பரும் மாத்தின டேட்டாவுல, எடுத்துக்கிட்டாங்க. அந்த நன்றியை இங்கயும் பதிஞ்சுக்கறேன்.

மருந்துக்கடைக் கிளையன்ட்டுல சறுக்கிட்டோம். அங்க இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு டைஃபாய்டு. மூணாவது ஆளை உள்ள விட்டேன், பாடம் எடுக்க நேரமில்ல. பழைய எம்.ஆர்.பி ஒட்டின அட்டைக்குப் புது வரி போட்டு என்ன விலைக்கு விக்கணும்ங்கறதுல அவர் கேள்வி கேக்கவே இல்ல. கேள்வி இருக்குதுன்னே அவருக்குத் தெரியாது. 22ஆம் தேதி காலையில கடைக்கடைக்கு வேற வேற விலை. அக்டோபரோட ஒப்பந்தம் முடிஞ்சுது. அவங்க சத்தம்கூடப் போடலைங்க, ரெண்டு வரி மெயில்தான்.

திருப்பூர்_பில் · 16 நவம்பர்

நாங்க பிழைச்சது நெசம். ஆனா நானும் ஒண்ணு சொல்லணும். 4ஆம் தேதி காலையில "உங்களுக்கு முதல் வரிசை"ன்னு என்கிட்ட சொன்னீங்க. மருந்துக்காரர்கிட்டயும் அதையே சொல்லியிருப்பீங்க, இல்லீங்களா?

நொய்யல்கரை · 16 நவம்பர்

சொன்னேனுங்க.

கணக்குப்பிள்ளை · 17 நவம்பர்

இதற்கு விலை இருக்கிறது. "முதல் வரிசை" என்பதைத் தனி வரியாக ஒப்பந்தத்தில் போட்டு, மாதம் ஒரு சிறு தொகை வாங்குங்கள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஒரே ஒருவருக்குத்தான் விற்கலாம். அடுத்தவருக்கு "இப்படிப்பட்ட நாளில் நீங்கள் இரண்டாவது" என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். அதற்கு அவர் கட்டணத்தில் கொஞ்சம் குறையுங்கள்.

வைகைக்கரை · 17 நவம்பர்

இல்லேன்னா வரி மாறும்போது ஏறாத ஒரு கிளையன்ட்டைப் பிடிங்கண்ணா. பள்ளிக்கூடம், கோயில் அன்னதானம், நாய்க்குட்டி. பில்லிங் மட்டுமே ரெண்டு வச்சுக்கிட்டா இப்படித்தான் ஆகும்.

அந்த மூணாவது ஆள் எப்படி இருக்காரு? அவரை ஒண்ணும் சொல்லலையே?

நொய்யல்கரை · 17 நவம்பர்

இங்கதான் இருக்கார். தப்பு அவர் மேல இல்லைன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். இப்ப திருப்பூர் குழுவுல மூணாவதா உக்காந்து பார்த்துட்டிருக்கார், பில் போடாம.

திருப்பூர்_பில், கணக்குப்பிள்ளை சொன்ன அந்த வரியோட புது ஒப்பந்தம் அடிச்சுட்டேன். புதன் பதினோரு மணிக்கு நேர்ல கொண்டு வரட்டுங்களா?

திருப்பூர்_பில் · 17 நவம்பர்

வாங்க. டீச்செலவு என்னுது, தொகையைப் பத்தி அப்பறம் சண்டை போட்டுக்கலாம். வர்றப்ப அந்த மூணாவது தம்பியையும் கூட்டிட்டு வாங்க. நேத்து ஒரு பார்ட்டி போன் பண்ணினார், அவர் கம்பெனி பேர்ல இருக்கிற ஸ்ரீ லெட்ஜர்ல தேடுனா வர்றதில்லையாம்.